மால்ஃபங்ஷன் 54: தப்பு விரலிலா, திரையிலா?

இன்னைக்கு எபிசோடை ஒரு டீக்கடையில் இருந்து ஆரம்பிக்கிறேன்.

போன வாரம் ஆபீஸ் பக்கத்துக் கடையில் ஒரு டீ, ஒரு பன் பட்டர் ஜாம். 40 ரூபாய். போனை எடுத்து ஸ்கேன் பண்ணி, பின் நம்பர் போட்டேன். திரையில் ஒரு வட்டம் சுத்துது. சுத்திக்கிட்டே இருக்கு. பணம் போச்சா, போகலையா? தெரியாது. கடைக்காரர் என் போனைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. கல்லாப்பெட்டி பக்கத்தில் இருக்கிற சின்ன ஸ்பீக்கரையே பார்க்கிறார். அது வாயைத் திறக்கலை. "இன்னொரு தடவை போட்டுப் பாருங்க தம்பி" என்றார். போட்டேன். உடனே அந்தப் பெட்டி 40 ரூபாய் வந்ததுன்னு அறிவிச்சது. கொஞ்சம் மூச்சு வாங்கிட்டு, மறுபடியும் 40 ரூபாய் வந்ததுன்னு அறிவிச்சது.

அவர் சிரிச்சுக்கிட்டே 40 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். அப்போ என் வாயில் வந்த முதல் வார்த்தை என்ன தெரியுமா? "சாரிண்ணா, நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் உறைச்சது. நான் எதுக்கு சாரி சொன்னேன்? என்ன நடக்குதுன்னு எனக்குச் சொல்ல வேண்டியது அந்தத் திரை. அது சொல்லலை. தெரியாத நிலையில் நான் ஒரு முடிவு எடுத்தேன். தப்பாப் போனதும் பழியை நானே எடுத்துக்கிட்டேன்.

என் விஷயத்தில் போனது 40 ரூபாய், அதுவும் கைக்குத் திரும்பி வந்துடுச்சு. இதே கதை ஒரு மருத்துவமனையில் நடந்திருக்கிறது. அங்கே போனது திரும்பி வரவில்லை. கம்ப்யூட்டர் திரையை எப்படி வடிவமைக்கணும் என்று இன்னைக்கு காலேஜில் சொல்லித் தருகிற பாடங்களில் பாதியை அந்த ஒரு கதையிலேயே பார்க்கலாம். அதைத்தான் இன்னைக்குச் சொல்லப் போறேன்.

ஒரு இயந்திரம், இரண்டு வேலை

1980-களின் நடுப்பகுதி. கனடா அரசுக்குச் சொந்தமான அட்டாமிக் எனர்ஜி ஆஃப் கனடா லிமிடெட், சுருக்கமாக ஏஈசிஎல், புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை கொடுக்கும் ஒரு இயந்திரத்தை விற்றது. பெயர் தெராக்-25. அமெரிக்காவில் 5, கனடாவில் 6, ஆக மொத்தம் 11 இயந்திரங்கள் மருத்துவமனைகளில் ஓடின.

கதிர்வீச்சு சிகிச்சையை நம்ம ஊரில் பல பேர் 'கரண்ட் வைக்கிறது'ன்னு சொல்வாங்க. இந்த இயந்திரம் அந்த வேலையை இரண்டு விதமாகச் செய்யும். கட்டி தோலுக்குப் பக்கத்தில் இருந்தால் எலக்ட்ரான் கதிர். குறைந்த அளவு கதிரை, காந்தங்கள் வழியாகப் பரத்தி, உடம்பில் மெதுவாக விழச் செய்வாங்க. கட்டி ஆழத்தில் இருந்தால் எக்ஸ்-ரே. இதற்கு எலக்ட்ரான் கதிரை சுமார் 100 மடங்கு கூட்டி, ஒரு உலோகத் துண்டின் மேல் மோத விடணும். மோதும்போது அது எக்ஸ்-ரேயாக மாறி நோயாளியிடம் போகும்.

உள்ளே ஒரு சுழல்மேடை இருக்கும். எந்தச் சிகிச்சையோ அதற்கு ஏற்ற பாகத்தை அது கதிரின் பாதையில் கொண்டுவந்து நிறுத்தும். இதில் பயங்கரம் எங்கே இருக்குன்னு நீங்களே ஊகிச்சிருப்பீங்க. 100 மடங்கு கதிர் வருது, ஆனால் நடுவில் அந்த உலோகத் துண்டு இல்லை என்றால்?

இதே நிறுவனத்தின் முந்தைய இயந்திரம் தெராக்-20. அதில் இப்படி நடக்காமல் தடுக்கத் தனியாக மின்சாரப் பூட்டுகள் இருந்தன. மென்பொருள் என்ன உளறினாலும், பாகங்கள் இடம் மாறி நின்றால் கதிர் கிளம்பாது. தெராக்-25-இல் அந்தப் பூட்டுகளை எடுத்துட்டாங்க. மென்பொருளே பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை.

'எக்ஸ்' போட்ட விரல்

1986 மார்ச் 21. டெக்சாஸ் மாநிலத்தில் டைலர் என்ற ஊர். முதுகில் இருந்த கட்டியை எடுத்த பிறகு ஒருவர் தொடர் சிகிச்சைக்கு வந்து போய்க்கொண்டிருக்கிறார். இது அவருக்கு ஒன்பதாவது தடவை. எலக்ட்ரான் கதிர், 180 ராட் அளவு. மேஜையில் குப்புறப் படுக்க வைத்துவிட்டு, ஆபரேட்டர் வெளியே வந்து கனமான கதவைச் சாத்துகிறார். கதிர்வீச்சு என்பதால் உள்ளே வேறு யாரும் இருக்கக் கூடாது. உள்ளே நடப்பதைப் பார்க்க ஒரு கேமரா, கேட்க ஒரு இன்டர்காம். அன்னைக்குன்னு பார்த்து கேமராத் திரைக்கு இணைப்பு இல்லை, இன்டர்காமும் வேலை செய்யலை.

ஆக, ஆபரேட்டருக்கும் அந்த மனிதருக்கும் நடுவில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு திரை. கருப்புத் திரை, வெறும் எழுத்துகள்.

அவர் அனுபவசாலி. வேகமாக டைப் பண்ணுவார். வருகிற பெரும்பாலான நோயாளிகளுக்கு எக்ஸ்-ரே என்பதால், கை பழக்கத்தில் 'எக்ஸ்' என்ற எழுத்தைப் போட்டுவிட்டார். உடனே கவனித்தும் விட்டார். மேல்நோக்கிய அம்புக்குறிப் பொத்தானை அமுக்கி அந்த வரிக்குப் போய், 'எக்ஸ்' இருந்த இடத்தில் 'ஈ' போட்டார், அதாவது எலக்ட்ரான். மற்ற வரிகள் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. அதனால் கடகடவென என்டர் தட்டிக் கீழே வந்தார். எல்லாம் சரிபார்க்கப்பட்டது என்று திரை சொன்னது. கதிர் தயார் என்றும் சொன்னது.

'பி' போட்டார், ஆங்கிலத்தில் 'பீம்' என்பதன் முதல் எழுத்து. கதிர் கிளம்பியது. ஒரு கணத்தில் இயந்திரம் நின்றது. திரையில் வந்தது இதுதான்: மால்ஃபங்ஷன் 54. கீழே, சிகிச்சை தற்காலிகமாக நிறுத்தம்.

54 என்றால் என்ன? ஆபரேட்டர் கையேட்டில் அந்த எண்களுக்கு விளக்கமே இல்லை. பராமரிப்புக் கையேட்டில் பட்டியல் இருந்தது. அதிலும் 54-க்கு நேராக 'டோஸ் இன்புட் 2' என்ற அளவில்தான் இருந்தது. அதற்கு அர்த்தம் என்னவென்று ஏஈசிஎல் பிறகு விளக்கியது: கொடுத்த அளவு ஒன்று மிக அதிகம், இல்லை மிகக் குறைவு. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. குழம்பில் உப்பு எப்படின்னு கேட்டா 'ஒண்ணு கூட, இல்லை குறைச்சல்'ன்னு பதில் வந்தா என்ன பண்ணுவீங்க?

திரையில் இன்னொரு எண்ணும் இருந்தது. கேட்டது 202 யூனிட், கொடுத்தது 6 யூனிட். அப்போ குறைவாகத்தான் போயிருக்குன்னு யாருக்கும் தோணும். இப்படி நின்றால் தொடர்வதற்கு ஒரே ஒரு பொத்தான் போதும். 'ப்ரொசீட்' என்பதன் முதல் எழுத்து, ஆங்கிலத்தின் 'பி'களில் இன்னொன்று. இதை 'தொடர்' பொத்தான் என்றே வைத்துக்கொள்வோம். அவர் அதை அமுக்கினார்.

உள்ளே என்ன நடந்தது? முதல் தடவையே அந்த மனிதருக்கு முதுகில் ஷாக் அடித்த மாதிரி, சூடான காபியை ஊற்றிய மாதிரி இருந்தது. எட்டுத் தடவை வந்தவர், இது வழக்கம் இல்லை என்று அவருக்குத் தெரியும். உதவி கேட்க மேஜையில் இருந்து எழ முயன்றார். அந்த நேரத்தில்தான் 'தொடர்' பொத்தான் அமுக்கப்பட்டது. இரண்டாவது அடி கையில் விழுந்தது. அவர் எப்படியோ கதவுக்குப் போய் அதைத் தட்டினார். அப்போதுதான் வெளியே இருந்தவருக்கு ஏதோ நடந்திருக்கு என்றே தெரிந்தது.

அவருக்குக் கொடுக்க வேண்டியது 180 ராட். பின்னாளில் போட்ட கணக்குப்படி, ஒரு சின்ன இடத்தில் ஒரு வினாடிக்கும் குறைவான நேரத்தில் பாய்ந்தது 16,500-இல் இருந்து 25,000 ராட் வரை. உடம்பு முழுவதும் பட்டால் 1,000 ராடே உயிரை எடுத்துவிடும். திரை 6 யூனிட் என்று காட்டியதற்குக் காரணம், அளக்கும் கருவிகளால் அந்த வெள்ளத்தை அளக்க முடியவில்லை. ஐந்து மாதம் கழித்து அவர் இறந்துபோனார்.

அந்தப் பொத்தானை ஏன் அமுக்கினார்?

இங்கே நிறைய பேர் கேட்கிற கேள்வி இது. எச்சரிக்கை வந்ததே, அதைப் பார்த்தும் ஏன் தொடர்ந்தார்?

ஏன்னா அது எச்சரிக்கை மாதிரியே இல்லை. மால்ஃபங்ஷன் என்ற சொல்லும் பக்கத்தில் ஒரு எண்ணும் அந்த ஆபரேட்டர்களுக்கு அன்றாடம் வருகிற விருந்தாளி. 1-இல் இருந்து 64 வரை எண்கள். பெரும்பாலானவற்றால் நோயாளிக்கு எந்த ஆபத்தும் இல்லை. வேறொரு மருத்துவமனையில் சில நாட்களில் சராசரியாக 40 தடவை இப்படி நின்றிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் 'தொடர்' பொத்தானை அமுக்கினால் வண்டி ஓடும். ஒன்றும் ஆகாது. அப்படி ஆயிரம் தடவை ஒன்றும் ஆகாத ஒரு செயலை விரல் தானாகவே செய்யும், மூளையிடம் கேட்காது.

நம்ம கதையும் அதுதானே? ஆப் இன்ஸ்டால் பண்ணும்போது 'அனுமதிக்கவா?' என்று கேட்டால் என்ன அனுமதி என்று கடைசியாக எப்போ படிச்சீங்க? சின்ன விஷயத்துக்கும் பெரிய விஷயத்துக்கும் ஒரே மாதிரிக் கத்துகிற திரை, நாளடைவில் நம்மைச் செவிடாக்கிவிடும். புலி வருது கதைதான். அந்தக் கதையில் சிறுவன் பொய் சொன்னான். இங்கே ஊர்க்காரர்களைக் குறை சொல்கிறோம்.

எட்டு வினாடி

அடுத்து நடந்தது ஒரு துப்பறியும் கதை. ஏஈசிஎல் பொறியாளர்கள் வந்து இயந்திரத்தைச் சோதித்தார்கள். மால்ஃபங்ஷன் 54 வரவே இல்லை. இந்த இயந்திரத்தால் அளவுக்கு அதிகமாகக் கொடுக்கவே முடியாது என்றார்கள். வேறு எங்கும் இப்படி நடந்ததாகத் தெரியாது என்றார்கள். மின்கசிவாக இருக்கலாம் என்றார்கள். அதையும் தனியாக ஒரு பொறியியல் நிறுவனத்தை வைத்துச் சோதித்தார்கள், கசிவு இல்லை. ஏப்ரல் 7-ஆம் தேதி இயந்திரம் மறுபடியும் வேலைக்கு வந்தது.

ஏப்ரல் 11. அதே இயந்திரம், அதே ஆபரேட்டர். இன்னொரு நோயாளி, முகத்தில் எலக்ட்ரான் சிகிச்சை. மறுபடியும் 'எக்ஸ்', மறுபடியும் திருத்தம், மறுபடியும் 54. இந்தத் தடவை இன்டர்காம் வேலை செய்தது. உள்ளே இருந்து வந்த சத்தம் கேட்டு ஆபரேட்டர் ஓடினார். அந்த நோயாளி மூன்று வாரத்தில் இறந்தார்.

இப்போது அந்த மருத்துவமனையின் இயற்பியலாளர் ஒரு முடிவுக்கு வந்தார். நிறுவனத்தின் பதிலுக்குக் காத்திருக்கப் போவதில்லை. ஆபரேட்டரைப் பக்கத்தில் உட்கார வைத்தார். அவர் அன்னைக்கு என்னென்ன செய்தாரோ, ஒவ்வொரு பொத்தானாக நினைவுபடுத்தி, அதையே திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார்கள். கடைசியில் 54 வந்தது. ரகசியம் என்ன தெரியுமா? வேகம்.

உள்ளே காந்தங்களைச் சரிசெய்ய இயந்திரத்துக்குச் சுமார் 8 வினாடி ஆகும். அந்த 8 வினாடிக்குள் 'எக்ஸ்'-ஐ 'ஈ' ஆக்கிவிட்டுக் கீழே வந்துவிட்டால், மென்பொருளின் ஒரு பகுதி அந்தத் திருத்தத்தைப் பார்க்கும், இன்னொரு பகுதி பார்க்காது. சுழல்மேடை எலக்ட்ரானுக்குப் போய் நிற்கும். கதிரின் அளவோ எக்ஸ்-ரேக்கு உண்டானதாகவே இருக்கும். திரையில் எலக்ட்ரான் என்று அழகாக எழுதியிருக்கும்.

நிறுவனத்தின் பொறியாளரால் முதலில் அதை வரவழைக்க முடியவில்லை. ஏன்னா அவர் நிதானமாக டைப் பண்ணினார். வேகமாகப் போடணும் என்று இயற்பியலாளர் சொன்ன பிறகுதான் அவருக்கும் வந்தது. இதை நான் படித்தபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தினமும் அந்த வேலையைச் செய்து கை தேர்ந்தவரிடம்தான் அந்தப் பிழை வெளிப்படும். செய்தவர்களிடம் வராது. உட்கார்ந்து சோதிக்கிறவர்களும் பயன்படுத்துகிறவர்களும் வேறு வேறு மனிதர்கள் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது.

பிழை தெரிந்துவிட்டது. நிறுவனம் ஏப்ரல் 15-ஆம் தேதி எல்லா மருத்துவமனைகளுக்கும் எழுதிய உடனடித் தீர்வு என்ன? மேல்நோக்கிய அம்புக்குறிப் பொத்தானின் மூடியைக் கழற்றிவிடுங்கள், அடியில் இருக்கும் இணைப்பைக் கரண்ட் டேப் போட்டு மூடிவிடுங்கள். அதாவது, திருத்த வழி இருப்பதுதானே பிரச்சினை, திருத்தவே முடியாமல் பண்ணிடுவோம். உயிருக்கே ஆபத்து என்ற செய்தி அந்தக் கடிதத்தில் தெரியவில்லை. அமெரிக்காவின் மருந்து, கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ மே 2-ஆம் தேதி தெராக்-25 குறைபாடுள்ள இயந்திரம் என்று அறிவித்தது. அந்தக் கடிதம் போதாது என்றும் சொன்னது.

முன்னாடியே மணி அடித்தது

வேறு எங்கும் நடக்கவில்லை என்று சொன்னார்களே, அது உண்மை இல்லை. 1985 ஜூனில் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு பெண்மணி, இயந்திரம் தன்னைச் சுட்டுவிட்டது என்று அங்கேயே சொன்னார். யாரும் நம்பவில்லை. ஜூலையில் கனடாவின் ஹாமில்டன் நகரில், கதிர் எதுவும் போகவில்லை என்று திரை சொன்னது. ஆபரேட்டர் 'தொடர்' பொத்தானைத் திரும்பத் திரும்ப அமுக்கினார். ஐந்தாவது தடவை நின்ற பிறகுதான் இயந்திரம் முழுவதுமாகப் படுத்தது. படுத்திருந்தவருக்கு இடுப்பில் பெரிய காயம். காரணம் என்னவென்று உறுதியாகக் கண்டுபிடிக்க முடியாமலேயே நிறுவனம் ஒரு சுவிட்சை மாற்றியது. பாதுகாப்பு குறைந்தது 1,00,000 மடங்கு கூடிவிட்டது என்றும் சொன்னது.

1985 ஜூனுக்கும் 1987 ஜனவரிக்கும் நடுவில் மொத்தம் ஆறு விபத்துகள். கடைசியாக வாஷிங்டன் மாநிலத்தில் நடந்ததற்கு வேறொரு மென்பொருள் பிழை காரணம். அதாவது ஒரு ஓட்டையை அடைத்தால் போதாது. அதன் பிறகுதான் மென்பொருளை நம்பாத தனி மின்சாரப் பூட்டு, புரிகிற மொழியில் செய்திகள், அளவு சந்தேகமாக இருந்தால் 'தொடர்' பொத்தானால் போக முடியாது என்ற கட்டுப்பாடு எல்லாம் வந்தன.

பூட்டு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சின்ன விஷயம். டைலர் செய்தியைக் கேட்ட பிறகு, சிகாகோவில் ஒரு பல்கலைக்கழக இயற்பியலாளர் தன்னிடம் இருந்த பழைய தெராக்-20-ஐ உற்றுப் பார்த்தார். மாணவர்கள் கண்டபடி டைப் பண்ணும்போதெல்லாம் அதில் ஃப்யூஸ் போய்க்கொண்டிருந்தது. காரணம், அதே பிழை அதிலும் இருந்தது. ஒரு ஃப்யூஸ் போகும், மாற்றிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். ஒரே பிழை. ஒரு இயந்திரத்தில் ஃப்யூஸ் போச்சு, இன்னொன்றில் உயிர் போச்சு.

கட்டளையா, நிலவரமா?

இதெல்லாம் அந்தக் காலத்தில் யாருக்கும் தெரியாத விஷயமா? இல்லை. அதுதான் என்னை உறுத்துகிறது.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு, ஓடுபாதையிலேயே சக்கரத்தை மடக்கி வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டு நிற்கும். பைலட் தப்பு என்று எழுதி மூடிவிட்டார்கள். அல்ஃபோன்ஸ் சப்பானிஸ் என்ற உளவியலாளர் காக்பிட்டைப் போய்ப் பார்த்தார். சக்கரத்துக்கான சுவிட்சும், இறக்கையில் இருக்கும் ஃபிளாப்புக்கான சுவிட்சும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே வடிவத்தில் இருந்தன. சி-47 விமானத்தில் அவை வேறு வேறு மாதிரி இருந்தன, அங்கே இந்த விபத்து இல்லை. ஒரு கைப்பிடியில் ரப்பர்ச் சக்கரம், இன்னொன்றில் ஆப்பு மாதிரி ஒரு துண்டு மாட்டச் சொன்னார். தொட்டாலே தெரியும். இன்னைக்கும் விமானங்களில் சக்கரத்துக்கான பிடி சக்கர வடிவில்தான் இருக்கும். 1947-இல் பால் ஃபிட்ஸும் ரிச்சர்ட் ஜோன்ஸும் 'பைலட் தப்பு' என்று சொல்லப்பட்ட 460 அனுபவங்களை எடுத்து அலசினார்கள். தப்புகள் ஆளுக்கு ஆள் மாறவில்லை, கருவியின் அமைப்பைப் பின்பற்றித் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வந்தன.

1979 மார்ச் 28, அதிகாலை 4 மணி. பென்சில்வேனியாவில் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையம். அணு உலையின் ஒரு வால்வு திறந்தது, மூடிக்கொள்ள வேண்டும், மூடவில்லை. குளிர்விக்கும் தண்ணீர் வெளியே போய்க்கொண்டே இருந்தது. கட்டுப்பாட்டு அறையில் அந்த வால்வுக்கு ஒரு விளக்கு இருந்தது. அது அணைந்திருந்தது, அப்போ வால்வு மூடியிருக்கு என்று நினைத்தார்கள். உண்மையில் அந்த விளக்குக்கு வால்வைப் பற்றி எதுவுமே தெரியாது. மூடு என்ற கட்டளை போய்விட்டதா என்பதை மட்டும்தான் அது காட்டியது. இரண்டு மணி நேரத்துக்கும் மேல் யாருக்கும் தெரியவில்லை. அணு உலையின் ஒரு பகுதி உருகிப்போனது.

அந்த விளக்கையும் தெராக்-25 திரையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க. இரண்டும் சொன்னது ஒன்றுதான்: 'நீங்க சொன்னதைக் கேட்டுக்கிட்டேன்.' பார்த்தவர்கள் புரிந்துகொண்டது வேறு: 'நீங்க சொன்னது நடந்துடுச்சு.' இந்த இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில்தான் மனுஷங்க விழுந்தாங்க.

த்ரீ மைல் ஐலண்ட் விபத்தை ஆராய அழைக்கப்பட்டவர்களில் ஒருவர் டொனால்ட் நார்மன் என்ற உளவியலாளர். 1988-இல் அவர் அன்றாடப் பொருட்களின் வடிவமைப்பைப் பற்றி எழுதிய புத்தகம் இன்னைக்கும் டிசைன் மாணவர்கள் கையில் இருக்கிறது. 1990-இல் யாகோப் நீல்சனும் ரால்ஃப் மோலிச்சும் திரைகளைச் சோதிக்க ஒரு சில விதிகளை வெளியிட்டார்கள். 1994-இல் நீல்சன் அதைப் பத்தாகச் செப்பனிட்டார். யூஎக்ஸ் வேலைக்கு இன்டர்வியூ போனவங்களுக்கு இந்தப் பத்தும் மனப்பாடமாக இருக்கும். முதல் விதியே, என்ன நடந்துகொண்டிருக்கிறது என்பதைத் திரை எப்போதும் காட்டணும் என்பதுதான். பிழைச் செய்தி எண்ணாக இல்லாமல் சாதாரண மொழியில் இருக்கணும், தப்பு நடக்கும் முன்பே தடுக்கணும், தப்பினால் திரும்பி வர வழி இருக்கணும் என்பதெல்லாம் அடுத்தடுத்து வரும். மனப்பாடம் பண்ணும்போது அது வெறும் பட்டியல். டைலர் கதையோடு படித்தால், ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு மனிதர் மேஜையில் படுத்திருக்கிறார்.

வசதியும் ஒரு கத்திதான்

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிடணும். அந்தத் திரையை வடிவமைத்தவர்கள் பயனர் பேச்சைக் கேட்காதவர்கள் என்று நினைச்சுடாதீங்க. ஆரம்பத்தில் சிகிச்சை அறைக்குள் போட்ட எல்லா அளவுகளையும் வெளியே வந்து மறுபடியும் டைப் பண்ணணும். ரொம்ப நேரம் ஆகுது என்று ஆபரேட்டர்கள் குறைப்பட்டார்கள். நியாயம்தானே? அதனால் என்டர் தட்டினாலே உள்ளே போட்ட அளவு வந்து விழும்படி மாற்றினார்கள். கேட்க நல்ல மாற்றம். ஆனால் இரண்டு தடவை டைப் பண்ணுவது இரண்டு தடவை சரிபார்ப்பதாகவும் இருந்தது. அது போய், என்டர், என்டர், என்டர் என்று ஆகிவிட்டது.

அதுக்காக எல்லாவற்றையும் கஷ்டமாக்கணும் என்று அர்த்தம் இல்லை. எது திரும்பப் பெற முடியாததோ, அந்த ஒரு இடத்தில் மட்டும் கை தானாக ஓடாமல் நிற்கணும். மற்ற இடமெல்லாம் வெண்ணெய் மாதிரி வழுக்கட்டும். எந்த இடம் அது என்று கண்டுபிடிப்பதுதான் டிசைனர் வேலை. வண்ணம், எழுத்துரு எல்லாம் அப்புறம்.

நான்சி லெவ்சனும் கிளார்க் டர்னரும் 1993-இல் இந்த விபத்துகளை விரிவாக ஆராய்ந்து எழுதினார்கள். உலகம் முழுக்க மென்பொருள் மாணவர்கள் இன்னைக்கும் அதைப் படிக்கிறார்கள். கேட்டுக்கிட்டிருக்கிற உங்களில் நிறைய பேர் கோட் எழுதறவங்க, ஆப் டிசைன் பண்றவங்க. உங்களுக்கு ஒரு சின்ன வேண்டுகோள். அடுத்த தடவை ஒரு பச்சை டிக் மார்க் போடும்போது உங்களையே கேளுங்க. இது 'அனுப்பிட்டேன்' என்று சொல்லுதா, 'போய்ச் சேர்ந்துடுச்சு' என்று சொல்லுதா? வாட்ஸாப்பில் ஒரு டிக்குக்கும் இரண்டு டிக்குக்கும் உள்ள வித்தியாசம் நம்ம எல்லாருக்கும் தெரியும். காதலிக்கிறவங்களுக்கு இன்னும் நல்லாத் தெரியும்.

டிசைன் பண்ணாதவங்களுக்கு வேறொன்று. வீட்டில் அம்மா போனைக் கையில் கொடுத்து, "எனக்கு இதெல்லாம் தெரியாதுப்பா, ஏதோ தப்பா அமுக்கிட்டேன்" என்று சொல்லும்போது, "இங்க குடும்மா" என்று வாங்கிடாதீங்க. பக்கத்தில் உட்கார்ந்து, எதை எதை அமுக்கினாங்க, திரை என்ன சொன்னது என்று கேளுங்க. டைலரில் அந்த இயற்பியலாளர் செய்தது அவ்வளவுதான். ஆபரேட்டரைக் குற்றவாளியாக்காமல், சாட்சியாக உட்கார வைத்தார். அதனால்தான் உண்மை வெளியே வந்தது.

நேத்து மறுபடியும் அந்த டீக்கடைக்குப் போனேன். அண்ணன் ஏன் யாருடைய போனையும் பார்க்காமல் அந்தப் பெட்டியையே பார்க்கிறார் என்று இப்போ புரிஞ்சது. என் போன் சொல்வது நான் கொடுத்த கட்டளை. பெட்டி சொல்வது வந்து சேர்ந்த பணம். அவர் எந்தப் புத்தகமும் படிக்கலை. நிலவரத்தை யார் சொல்றாங்களோ அவங்களை மட்டும்தான் நம்பறார்.

இந்தத் தடவை வட்டம் சுத்தினப்போ நான் எதையும் அமுக்கலை. பெட்டி பேசுற வரைக்கும் டீயைக் குடிச்சுக்கிட்டு நின்னேன். சாரியும் சொல்லலை.